சூளையைக் கடைசியில் வாங்குங்கள்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு 25 வயது. கோவையில் ஐ.டி. கம்பெனியில் மூன்று வருடமாக வேலை, ஒன்றரை வருடமாகச் சனி ஞாயிறுகளில் மண்பாண்ட வகுப்பு. இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டுக் கார் ஷெட்டிலேயே பட்டறை போடுகிறேன் என்று நிற்கிறாள். ஓய்வூதியப் பணத்திலிருந்து நாலு லட்சம் எடுத்து மின்சூளை வாங்கித் தந்துவிடலாமா, அல்லது ஒரேயடியாக முடியாது என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பேன்.

அதற்கு முன் ஒன்று. "பெண் பார்க்க வருகிறவர்களிடம் சட்டி பானை செய்கிறாள் என்றா சொல்வது" என்று எழுதியிருக்கிறீர்கள். மானாமதுரையில் செய்த கடம்தான் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. அந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இதைச் செய்யும் வேளார் குடும்பங்கள் இந்த வாக்கியத்தைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? இதற்குமேல் சொல்லவில்லை. உங்கள் உண்மையான பயம் வருமானம். அதைப் பேசுவோம்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் கடன் வாங்கி முதலில் சூளையைத்தான் வாங்கினார். வண்டியில் வந்து இறங்கிய பிறகுதான் வீட்டில் சிங்கிள் பேஸ் இணைப்பு என்பது உறைத்தது. அந்த அளவுச் சூளைக்குத் த்ரீ பேஸ் வேண்டும். விண்ணப்பம், வயரிங், எர்த்திங் எல்லாம் முடிய நாலு மாதம். அதுவரை சூளைக்குள் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கடன் தவணை மட்டும் முதல் மாதத்திலிருந்தே ஓடியது. தவணை கட்ட வேண்டுமே என்று கைக்கு வந்த ஆர்டரையெல்லாம் எடுத்தார். கம்பெனி முத்திரை போட்ட 200 கோப்பை, பத்தே நாளில். முக்கால்வாசிக் கோப்பைகளில் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. திறமை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. சூளை அவசரப்படுத்திவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் முதல் வருடம் சக்கரமும் மண்ணும் மட்டும் போதும். வனைந்ததைப் பக்கத்தில் சூளை வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துச் சுட்டு வாங்கலாம். கன அடிக்கு இவ்வளவு, தட்டுக்கு இவ்வளவு என்று வாடகைக்குச் சுட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. இன்னும் சுடாத பச்சைப் பாண்டத்தைக் காரில் எடுத்துப் போகும்போது சில உடையத்தான் செய்யும். நாலு லட்சத்தை உடைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, வருமானம். ஒரு கோப்பையை 600 ரூபாய்க்கு விற்கிறார்கள், மண் என்ன விலை இருக்கப்போகிறது என்று உங்கள் மகள் சொல்லியிருப்பார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். எண்கள் உத்தேசம்தான், அவருடைய எண்களை அவரே நிரப்பட்டும். 100 கோப்பை வனைந்தால் காயும்போது சில விரியும், சூளையில் சில போகும், கிளேஸில் ஊசித்துளை விழுந்து சில கழியும். முதல் தரமாக 78 தேறியது என்று வையுங்கள். 46,800 ரூபாய். கடையில் வைத்து விற்றால் அவர்கள் பங்கு 35 சதவீதம் போக 30,420. மண், கிளேஸ், சூளை வாடகை, அட்டைப்பெட்டி எல்லாம் வனைந்த ஒவ்வொன்றுக்கும் 130 என்றால் 13,000. மிச்சம் 17,420. வனைந்து, அடி சீவி, கைப்பிடி ஒட்டி, கிளேஸ் தோய்த்து எடுக்க ஒரு கோப்பைக்கு மொத்தம் முக்கால் மணி, ஆக 75 மணி நேரம். படம் பிடிப்பது, "கொரியர் எப்போ வரும்" என்று கேட்பவர்களுக்குப் பதில் போடுவது, பொதி கட்டுவது என்று இன்னொரு 40 மணி. மணிக்கு 150 ரூபாய் சுமார்.

பயப்படாதீர்கள், இது கடை வழியாக மட்டும் விற்கும் கணக்கு. நேரடியாக விற்றால் மணிக்கு முந்நூறை நெருங்கும். ஆனால் நான் பார்த்தவரை வீட்டுப் பட்டறைகளைத் தாங்கி நிற்பது கோப்பை விற்பனை இல்லை, வகுப்புகள்தான். சனிக்கிழமை காலை ஆறு பேர் வந்து உட்கார்ந்தால் அந்த மாதச் சூளைச் செலவு வந்துவிடும். உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்குமா? கை முழுக்கச் சேறோடு ஒரு பத்து வயதுப் பையன் சக்கரத்தை உதைக்கும்போது சிரிக்க வருமா, எரிச்சல் வருமா? இதை அவரிடம் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை சூளையைவிட முக்கியமான கேள்வி இது. இன்னொரு நல்ல வழி சிறிய உணவகங்கள். தட்டு விளிம்பு உடைந்துகொண்டே இருக்கும், அதே அளவில் மறுபடி கேட்பார்கள்.

அந்த "அதே அளவில்" என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஸ்டோன்வேர் எனப்படும், அதிகச் சூட்டில் சுடுகிற மண் ஈரத்திலிருந்து சுட்டு முடிவதற்குள் நூற்றுக்குப் பத்து பன்னிரண்டு பங்கு சுருங்கும். பத்து சென்டிமீட்டர் உயரம் வேண்டுமென்றால் பதினொன்றுக்கும் கொஞ்சம் கூடுதலாக வனைய வேண்டும். வேறு மூட்டை மண் வந்தால் சுருக்கமும் மாறலாம். அப்புறம் கோவையின் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று கார் ஷெட்டுக்குள் நுழைந்தால் கோப்பையின் உடம்பு காய்வதற்கு முன் கைப்பிடி காய்ந்துவிடும், ஒட்டிய இடத்தில் மயிரிழை போல விரிசல் ஓடும். சூளையில் வைத்த பிறகுதான் அது வாயைப் பிளக்கும். கைப்பிடியை மட்டும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காயவிட வேண்டும். இதைச் சொன்னவுடன் மகள் "தெரியும்ப்பா" என்று சலித்துக்கொண்டால் நல்ல அறிகுறி.

வேலையை இப்போதே விட வேண்டாம். சனி காலை வனைந்து மூடி வைத்து, ஞாயிறு மாலை அது பதமாக இறுகியதும் அடி சீவலாம். ஒரு வருடம் வார இறுதிகளில் இது ஓடும். அதற்குள் முறையாகக் கற்க விரும்பினால் இடங்கள் இருக்கின்றன. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல் பாண்டிச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்ற பலர் ஆரோவில் பக்கம் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு வாரம் சுற்றி, யாரிடமாவது உதவியாளராக இருக்க முடியுமா என்று கேட்கட்டும். பட்டமே வேண்டுமென்றால் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக் பிரிவு உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) செராமிக், கண்ணாடி வடிவமைப்பு படிக்கலாம். ஆனால் இருபத்தைந்து வயதில், சம்பாதித்துக்கொண்டிருப்பவருக்கு, பட்டத்தைவிட ஒரு நல்ல பட்டறையில் ஆறு மாதம் மண் பிசைவதே மேல் என்பது என் கருத்து.

காகித வேலை அதிகமில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், பணம் கேட்கிற இடைத்தரகரிடம் போகாதீர்கள். மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும்போது கைவினைப் பொருளுக்கான விலக்கு தனக்குப் பொருந்துமா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கலைஞர் கைவினைத் திட்டக் கடனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மகளுக்கு ஆகாது. மற்ற மானியக் கடன்களை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் மானியம் கிடைக்கிறதே என்பதற்காகச் சூளை வாங்கினால் மேலே சொன்ன கதைதான். சூளை வாங்கும் நாள் வந்தால் வீட்டு இணைப்பிலேயே ஓட்டாதீர்கள். ஒருமுறை சுட 50, 60 யூனிட் சாதாரணமாகப் போகும், பாண்டத்தையோ இரண்டு முறை சுட வேண்டும். குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வகை உண்டு, மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

ஷெட்டில் துடைப்பத்துக்கு வேலை இல்லை. காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும். ஈரத்துணியால் துடைப்பதுதான் முறை. நீங்கள் பாசத்தில் பெருக்கிவிடப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இந்த வாரம் மகளிடம் ஒரே அளவில் பன்னிரண்டு டம்ளர் வனையச் சொல்லுங்கள். சுட்டு வந்ததும் எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, நீர் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளில் ஈர வளையம் விழுந்திருந்தால் மண்ணோ சூடோ சரியில்லை. இன்னொரு ராத்திரி உள்ளே ஒரு எலுமிச்சைத் துண்டைப் போட்டு வையுங்கள். கிளேஸின் நிறம் மங்கினால் அதைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது. பன்னிரண்டில் எத்தனை ஒன்றுபோல இருக்கின்றன, எத்தனை தேறின என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எண்ணும்போது மகளும் கூட இருக்கட்டும்.