கிரெடிட் கார்டு மெஷின்: 1.2 சதவீதம் மலிவா, 1.9 சதவீதம் மலிவா?

கேள்வி: ஈரோட்டில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், வாஷிங் மெஷின் விற்கும் கடை வைத்திருக்கிறேன். மாதம் ஏழெட்டு லட்சம் வியாபாரம். இதுவரை ரொக்கமும் கியூஆர் அட்டையும்தான். பத்தாயிரத்தைத் தாண்டும் பொருள் என்றால் “கிரெடிட் கார்டு எடுப்பீங்களா?” என்று கேட்கிறார்கள், இல்லை என்றதும் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். என் வங்கி 1.2 சதவீதம் கமிஷன், மாதம் 500 ரூபாய் வாடகை என்கிறது. தனியார் நிறுவனம் ஒன்று வாடகையே இல்லை, 1.9 சதவீதம் என்கிறது. எதை எடுப்பது? அந்தக் கமிஷனை வாடிக்கையாளரிடமே வாங்கிக்கொள்ளலாமா? வாட்ஸ்அப்பில் வரும் வெளியூர் ஆர்டருக்கும் கார்டு வாங்க வழி உண்டா?

பதில்:

வங்கி சொன்ன 1.2 சதவீதம் எந்தக் கார்டுக்கு என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது சாதாரண கிரெடிட் கார்டுக்கு மட்டும் இருக்கும். பிரீமியம் கார்டு, நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குத் தரும் கார்டு, வெளிநாட்டுக் கார்டு ஆகியவற்றுக்குத் தனித்தனி விகிதம் உண்டு. அவை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். நீங்கள் கட்டும் கமிஷனில், அதாவது எம்.டி.ஆர். தொகையில், பெரிய பங்கு வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. மிச்சத்தை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்கும், உங்களுக்கு மெஷின் கொடுத்தவரும் எடுத்துக்கொள்கிறார்கள். ரிவார்டு பாயின்ட், விமான நிலைய லவுஞ்ச் என்று சலுகை அதிகமுள்ள கார்டுக்குக் கமிஷனும் அதிகம். வாஷிங் மெஷின் வாங்க வருபவர் எடுத்து நீட்டுவது பல சமயம் அந்த மாதிரிக் கார்டாகத்தான் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் கிரெடிட் கார்டில் வருகிறது, அதில் 60,000 ரூபாய் பிரீமியம் கார்டு, அதற்கு வங்கியின் விகிதம் 2.4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கார்டு 90,000 ரூபாய்க்கு 1,080. பிரீமியத்துக்கு 1,440. வாடகை 500. மொத்தம் 3,020. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 543.60. ஆக 3,563.60 ரூபாய். தனியார் நிறுவனம் எல்லாக் கார்டுக்கும் ஒரே 1.9 சதவீதம்தான் என்றால் 2,850 ரூபாய், ஜி.எஸ்.டி. 513, ஆக 3,363. ‘விலை கூடிய’ மெஷின்தான் உங்களுக்கு 200 ரூபாய் மலிவு. இதே கலவையில் கார்டு விற்பனை மாதம் ஏறக்குறைய இரண்டேகால் லட்சத்தைத் தாண்டினால் தராசு வங்கிப் பக்கம் சாயும். வாடகை 500 ரூபாய் பெரிய தொகையில் பரவிக் கரைந்துவிடும். மாதம் 30,000 ரூபாய்தான் கார்டில் வரும் என்றாலோ வாடகையும் அதன் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே ஒன்றரை சதவீதத்துக்கு மேல் தின்றுவிடும்.

உங்கள் இடத்தில் முதல் ஆறு மாதத்துக்கு வாடகையில்லாத மெஷினை எடுப்பதுதான் சரி. எந்தக் கார்டு எவ்வளவு வருகிறது என்ற பட்டியல் கையில் வந்த பிறகு வங்கியிடம் பேரம் பேசுங்கள். கிரெடிட் கார்டு கமிஷனுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை, அதனால் பேசினால் இறங்கும். ஆனால் ‘வாடகை இல்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: 1.9 எல்லாக் கார்டுக்குமா, நிறுவுவதற்குக் கட்டணம் உண்டா, மாதம் இவ்வளவுக்குக் குறைந்தால் அபராதம் என்ற விதி உண்டா, எத்தனை மாதத்துக்குள் மெஷினைத் திருப்பித் தரக்கூடாது. வாய்வார்த்தைக்கு இந்தத் தொழிலில் மதிப்பே கிடையாது. விற்பனைப் பிரதிநிதி அடுத்த மாதம் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

டெபிட் கார்டு கதை வேறு. அங்கே ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு 2018 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் வரை வியாபாரம் செய்தவருக்கு மெஷினில் 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. உங்களைப் போல அதற்கு மேல் வியாபாரம் உள்ளவருக்கு 0.90 சதவீதம், 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது. ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி முதல் கமிஷனே இல்லை. ‘எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ரேட்’ என்று டெபிட்டையும் 1.9-இல் சேர்த்துவிடும் ஆட்கள் உண்டு, கவனம்.

மெஷின் வருவதற்கு முன்பே பாதிக் கிணறு தாண்ட ஒரு வழி இருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. ஆப்பில் இணைத்து கியூஆர் வழியாகவே செலுத்தும் வசதி 2022 முதல் உண்டு. உங்கள் கியூஆர் சொந்தக் கணக்கின் அட்டையாக இருந்தால் இது நடக்காது. வணிகருக்கான கியூஆராக இருக்க வேண்டும். கொடுத்த நிறுவனத்தைக் கேட்டு இந்த வசதி திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை இதற்கு எம்.டி.ஆர். இல்லை, அதற்கு மேல் கிரெடிட் கார்டு போலவே பிடிப்பார்கள். விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டுகள் இந்த வழியில் வராது. அதற்குத்தான் மெஷின்.

கமிஷனை பில்லில் ஏற்றலாமா? கூடாது. டெபிட் கார்டில் வணிகர் அதை வாடிக்கையாளர் தலையில் ஏற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டில் நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தமே வழக்கமாக அதைத் தடுக்கிறது. “கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா” என்று கல்லாவில் எழுதி ஒட்டும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் கொடுத்தால் மெஷினை எடுத்துப் போய்விடலாம். உங்கள் தொழிலில் ‘கடைசி விலை’ பேசித்தான் விற்கிறீர்கள். அந்த விலையைச் சொல்வதற்கு முன்பே “எப்படிக் கட்டுறீங்க?” என்று கேட்டுவிடுங்கள். சொன்ன பிறகு ஏற்றுவதுதான் தகராறு.

விண்ணப்பத்துக்கு கரன்ட் அக்கவுன்ட் வேண்டும். பான் கார்டு, ஆதார், ஜி.எஸ்.டி. சான்று அல்லது உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவுச் சான்று, கேன்சல் செய்த செக், வங்கி ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம் அல்லது இ.பி. பில், பெயர்ப்பலகை தெரியும்படி கடையின் புகைப்படம் இவற்றைக் கேட்பார்கள். தாமதமாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஜி.எஸ்.டி. சான்றில் கடையின் பெயர் ஒன்று, கணக்கின் பெயர் வேறொன்று, பலகையில் மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் முன்கூட்டியே ஒத்துப்பார்த்துவிடுங்கள். தொழில் வகையையும் சரியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். மளிகை என்று பதிவான கடையில் 32,000 ரூபாய் பில் விழுந்தால் பணம் நிறுத்திவைக்கப்படும்.

மெஷினைப் பொருத்த வருபவர் ஒரு சிறு தொகைக்கு ஓட்டிக்காட்டிவிட்டுப் போய்விடுவார். அதோடு விடாதீர்கள். அந்த ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள்: மேலே எம்.ஐ.டி., டி.ஐ.டி. என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது உங்கள் கடையின் எண், பின்னது அந்த மெஷினின் எட்டு இலக்க அடையாளம். இரண்டையும் மெஷினின் சீரியல் எண்ணையும் கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். புகாருக்கு போன் செய்தால் முதலில் கேட்பது இதைத்தான். “பேங்க்ல இருந்து வரோம், பழைய மெஷினை மாத்தணும்” என்று யாராவது வந்தால் இந்த எண்களைச் சொல்லி, ஒப்பந்தத்தில் உள்ள உதவி எண்ணில் விசாரித்த பிறகே கையில் கொடுங்கள்.

கல்லாவில் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். 5,000 ரூபாய் வரை கார்டை மெஷின்மேல் தட்டினால் பின் நம்பர் கேட்காது. அதற்கு மேல் பின் கட்டாயம். பின்னை வாடிக்கையாளரே அழுத்தட்டும். கடைப்பையன் “நம்பர் சொல்லுங்க சார்” என்று கேட்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

பிரச்சினை வரும் இடம் இது: மெஷினில் ‘தோல்வி’ என்று வருகிறது, ஸ்லிப் இல்லை, ஆனால் வாடிக்கையாளர் போனில் 14,500 ரூபாய் பிடித்ததாக எஸ்.எம்.எஸ். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள், அவசரப்பட்டு மறுபடியும் தேய்க்கவும் வேண்டாம். மெஷினில் அல்லது ஆப்பில் கடைசிப் பரிவர்த்தனையைப் பாருங்கள். அங்கே இருந்தால் ஸ்லிப்பை மறுபடி எடுக்கலாம். இல்லையென்றால் பணம் உங்களுக்கு வராது, அவருக்கே திரும்பிப் போகும். ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. இதைச் சொன்னால் கோபத்தில் நிற்பவரும் கொஞ்சம் தணிவார். தோல்வியான ஸ்லிப் அச்சானால் அதையும் கையில் கொடுங்கள்.

1,850-க்குப் பதில் 18,500 அழுத்திவிட்டால் அன்றே, அன்றைய விற்பனைக் கணக்கு வங்கிக்குப் போவதற்குள், அதாவது செட்டில்மென்ட் ஆவதற்குள், ரத்து செய்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சேதமில்லை. செட்டில்மென்ட் ஆன பிறகு அது ரீஃபண்டாக மாறும். அவர் கணக்கில் சேர ஒரு வாரம் வரை ஆகலாம், பிடித்த கமிஷன் உங்களுக்குத் திரும்புவது அரிது.

செட்டில்மென்ட் என்றால் அன்றைய கார்டு விற்பனை முழுவதையும் ஒரு கட்டாகக் கட்டி வங்கிக்கு அனுப்புவது. புது மெஷின்கள் இரவில் தாமாகவே செய்யும். பழைய மாடல்களில் பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பணம் வராது. சனிக்கிழமை மெஷினை அணைத்து உள்ளே வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை “காசு வரலையே” என்று தேடுபவர்கள் ஏராளம். தானாகச் செய்கிறதா, எத்தனை மணிக்குச் செய்கிறது என்று கேட்டு, அந்த நேரம் வரை சார்ஜும் சிக்னலும் இருக்கும்படி வையுங்கள். வழக்கமாக மறு வேலை நாளில் கமிஷன் போக மிச்சம் கணக்கில் ஏறும்.

அந்த மிச்சத்தையே விற்பனை என்று எழுதிவிடுவதுதான் அடுத்த தவறு. 10,000 ரூபாய் விற்று 9,775.80 வந்தால், விற்பனை 10,000, கமிஷன் செலவு 190, ஜி.எஸ்.டி. 34.20. ஜி.எஸ்.டி. கணக்கில் காட்ட வேண்டியது முழு விற்பனை. நீங்கள் வழக்கமான ஜி.எஸ்.டி. முறையில் இருந்தால் அந்த 34.20-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு உங்கள் ஜி.எஸ்.டி. எண் போட்ட மாத பில்லை மெஷின் நிறுவனம் தர வேண்டும். பலர் கேட்பதே இல்லை. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அது செலவுதான்.

ஸ்லிப்பின் கடைப் பிரதியை 18 மாதமாவது வையுங்கள். 57 மி.மீ. தெர்மல் ரோலில் அச்சானது வெயிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் சில மாதங்களில் வெளுத்துவிடும்; அன்றன்றைக்கு பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்துவையுங்கள். ‘நான் வாங்கவில்லை’, ‘பொருள் வரவில்லை’ என்று வாடிக்கையாளர் தன் வங்கியில் முறையிட்டால், அதற்கு சார்ஜ்பேக் என்று பெயர், உங்களிடம் ஆதாரம் கேட்டு வரும் மெயிலுக்குச் சில நாட்களே அவகாசம். பதில் சொல்லாவிட்டால் பணத்தை எடுத்துவிடுவார்கள். சிப்பும் பின்னும் வைத்து நடந்த விற்பனையில் ‘என் கார்டு இல்லை’ என்ற வாதம் பொதுவாக நிற்காது.

வெளியூர் வாட்ஸ்அப் ஆர்டரில்தான் சார்ஜ்பேக் அதிகம். அதற்கு பேமென்ட் லிங்க் போதும், வெப்சைட் தேவையில்லை. வணிகருக்காக ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்துக்கு பேமென்ட் அக்ரிகேட்டர் என்று பெயர்; ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற ஒன்றில் பதிவு செய்தால் ஆப்பிலிருந்தே தொகை போட்டு லிங்க் அனுப்பலாம். கட்டணம் பொதுவாக இரண்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. லிங்க்கில் பொருளின் மாடலைக் குறிப்பிடுங்கள், ஒரு நாளில் காலாவதியாகும்படி வையுங்கள். பார்சல் ஆபீசில் போட்டதும் அங்கே தரும் லாரி ரசீதை, அதாவது எல்.ஆர். காப்பியைப் படம் பிடித்து அந்த வாட்ஸ்அப் உரையாடலிலேயே அனுப்புங்கள். பின்னாளில் அதுதான் உங்கள் சாட்சி. வெளிநாட்டுக் கார்டில் ஓ.டி.பி. இல்லாமலும் பணம் வரக்கூடும். சார்ஜ்பேக் வந்தால் இழப்பு உங்கள் தலையில்தான், அதனால் அந்த வசதியை மூடிவைக்கச் சொல்லுங்கள். யாரிடமும் கார்டு எண்ணையோ பின்பக்கத்து மூன்று இலக்கத்தையோ போனில் வாங்கி எழுதிவைக்காதீர்கள். 2022 அக்டோபர் முதல் வணிகர்கள் கார்டு விவரங்களைச் சேமித்துவைக்கவே அனுமதி இல்லை.

மெஷின் வந்த சில வாரங்களில் தெரிந்தவர் யாராவது வருவார்: “ஐம்பதாயிரம் தேய்ச்சுட்டு, ரெண்டு பர்சன்ட் எடுத்துட்டு கேஷா கொடுங்க.” பொருள் விற்காமல் கிரெடிட் கார்டைத் தேய்த்துப் பணம் கொடுப்பது ஒப்பந்த மீறல். சராசரி 12,000 ரூபாய் பில் போடும் கடையில் முழு எண்ணாக 50,000 விழுந்தால் கண்காணிப்பில் சிக்கும்; தொகையை நிறுத்திவைத்து பில் கேட்பார்கள். காட்ட முடியாவிட்டால் மெஷின் போகும், கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் வேறு எந்த வங்கியும் தராது. உண்மையாகவே பெரிய விற்பனை நடந்து நிறுத்தப்பட்டால் பயப்பட வேண்டாம், பில்லையும் டெலிவரி ஆதாரத்தையும் அனுப்பினால் விடுவிப்பார்கள்.

இ.எம்.ஐ. வசதியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பொருளுக்கு அதுதான் விற்பனையைக் கூட்டும். ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்றால் அந்த வட்டியை யாரோ ஒருவர் கட்டுகிறார் என்று அர்த்தம். பிராண்டு கட்டும் திட்டமா, உங்கள் கமிஷனில் பிடிப்பார்களா என்பதை ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாகக் கேளுங்கள். பிராண்டு திட்டங்களில் பொருளின் சீரியல் எண்ணை மெஷினில் பதியச் சொல்வார்கள். ஒரு எழுத்து பிசகினாலும் பிராண்டு தன் பங்கை மறுக்கலாம், தொகை உங்கள் கணக்கில் பிடிக்கப்படும்.

ஆறு மாதம் கழித்து மெஷினை மாற்றுவதென்றால், பழையதை ஆளிடம் கொடுத்தனுப்புவதோடு முடிக்காதீர்கள். சீரியல் எண் எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்கி, டி.ஐ.டி. மூடப்பட்டது என்ற மெயிலும் வரும்வரை விடாமல் கேளுங்கள். அது இல்லாவிட்டால், வாடகை உள்ள மெஷின் என்றால், கணக்கிலிருந்து மாதாமாதம் வாடகை தானாகப் போய்க்கொண்டே இருக்கும்.