பழைய காரை எதுவரை ஓட்டலாம்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 2003-இல் வாங்கிய மாருதி 800. இதுவரை 2,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது. இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது, இடப்பக்கக் கண்ணாடி இறங்குவதில்லை. இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இப்போது அவசியமில்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், இறுகிப்போன வால்வு சீல்களின் (வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) வழியாகக் கசிந்து இறங்கும் ஆயில்தான் காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகையாக வெளியேறிச் சிறிது நேரத்தில் நின்றுவிடும். மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் புகை தொடர்ந்து வந்தால் மட்டுமே பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டரையும் சந்தேகிக்க வேண்டும். இதை ஊகத்தில் விடாமல் மூன்று சிலிண்டர்களுக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருக்கும் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வால்வுப் பக்கம். இந்த அளவுகளைக் கண்ணால் பார்க்காமல் ஓவர்ஹாலுக்குச் சம்மதிக்காதீர்கள். அதுவரை வாரம் ஒருமுறை ஆயில் குச்சியைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி வந்தாலே வண்டி ஓடும். ஆயிலைக் குடிப்பதால் இன்ஜின் உடனே சாவதில்லை. ஆயில் வற்றியது தெரியாமல் ஓட்டுவதால்தான் பேரிங் போகிறது.

நான் உண்மையில் கவலைப்படுவது நீங்கள் குறிப்பிடாத ஒன்றைப் பற்றி: இன்ஜின் சூடு. இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால், ஒரே ஒரு முறை கடுமையாகக் கொதித்தாலும் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் இடையிலுள்ள காஸ்கெட் போய்விடக்கூடும். ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் ரேடியேட்டர், அதன் மூடி, ரப்பர் ஹோஸ்கள், மின்விசிறி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே துருவும் உப்பும் படியும். உரிய கூலன்ட்டையே பயன்படுத்துங்கள். சூடேறும் வண்டிக்கு வைத்தியமாக, சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் நெடுநாளாக இருக்கிறது. அப்படிச் செய்தால் இன்ஜின் தனக்குரிய சூட்டை எட்டத் தாமதமாகி பெட்ரோல் செலவு கூடும், அடைத்துப்போன ரேடியேட்டரோ அடைபட்டபடியே இருக்கும். வெப்பமானி முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். அடுத்து, இன்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க வைக்கும் டைமிங் பெல்ட். அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு புதிதாகப் போட்டுவிடுங்கள். பிரேக் ஆயில், பால் ஜாயின்ட் (முன்சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு), டயரின் வயது ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. பட்டன் தேயாத டயரும் வயதானால் வெடிக்கும்.

இரண்டாவது கியருக்கு, கிளட்ச் கேபிளின் அளவையும் கியர் ஆயிலையும் சரிபார்த்த பிறகும் முரண்டு தொடர்ந்தால், நிதானமாக மாற்றிப் பழகிக்கொள்ளலாம். கியர்பாக்ஸை இறக்கும் செலவு இப்போதைக்கு வேண்டாம். கண்ணாடி கடைசியில்.

கேள்வி: எத்தனை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஒரு காரை வைத்திருக்கக் கூடாது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கிலோமீட்டர் எண்ணிக்கையை வைத்து நான் ஒரு காரையும் கைவிடச் சொல்லமாட்டேன். இன்ஜினுக்கு ரிங் மாற்றலாம், கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்க்கலாம், ஆனால் துரு தின்ற உடற்கூட்டை முழுமையாக மீட்க முடியாது. உப்புக் காற்று வீசும் உங்கள் ஊரில் இது இன்னும் முக்கியம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைக் கழுவி, கால்மிதிக்குக் கீழுள்ள தரைத்தகடு, கதவுக்கு அடியில் ஓடும் சட்டம், பேட்டரிக்குக் கீழே, சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடங்கள் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தரைத்தகட்டில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்துச் சமாளிக்கலாம். சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம் பொடிந்தால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் காரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அதை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்படாத பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் விரைவில் கெடக்கூடும். மைலேஜும் சற்றுக் குறையும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுள்ளது என்பதால், மாதக்கணக்கில் காரை நிறுத்திவைத்தால் டேங்க்கின் உட்புறம் துருப்பிடிக்க வாய்ப்புண்டு. வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள், பழைய பெட்ரோல் குழாய்களை முன்கூட்டியே மாற்றுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

கேள்வி: 15 ஆண்டு முடிந்த பெட்ரோல் காரைத் தமிழ்நாட்டில் ஓட்டலாமா?
– வாசகர், அரியலூர்

பதில்: ஓட்டலாம். டெல்லிக்கென விதிக்கப்பட்ட வயதுத் தடை இங்கே இல்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காலக்கெடுவுக்கு 60 நாள் முன்பிருந்தே 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட கட்டணம், 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயானது. பசுமை வரி தனி. இவ்வளவு தொகை போவதால், கட்டுவதற்கு முன்பே அடிப்பாகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.