ஒயினும் ஒப்பந்தமும் – கடிதம்

வணக்கம்,

ஆன் பிராண்டேயின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலைப் படித்தேன். நாயகி ஹெலன் தன் சின்னஞ்சிறு மகனுக்கு ஒயினில் மருந்து கலந்து கொடுத்து, அதைக் கண்டாலே குமட்ட வைக்கிறாள். இது தாய்மையா, கொடுமையா? நடுவே வரும் நீண்ட நாட்குறிப்பும் கதையைத் தொய்யவைக்கவில்லையா?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாட்குறிப்பை விடுங்கள், அது 1848இல் வந்த நாவல், அந்தக் கால வழக்கம். ஒயின் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள். அந்தக் கிளாஸை முதலில் பிள்ளை கையில் கொடுத்தது அப்பனும் அவன் கூட்டாளிகளும். ஆண்பிள்ளையாக வளர்க்கிறார்களாம்! குடிக்கவும் கெட்டவார்த்தை பேசவும் பழக்குகிறார்கள். அவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியாவது உண்டா? மருந்து கலந்தவள் மட்டும் கண்ணில் படுகிறாள்.

கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது வேறு இடம். கதை நடப்பது 1820களில். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் பிள்ளை மீது உரிமை தகப்பனுக்குத்தான். கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் மூன்று மகன்களைக் கணவன் 1836இல் பிரித்துக்கொண்டு போனான். அவர் எழுதியும் வாதாடியும்தான் 1839இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படி தாய் நீதிமன்றத்தில் கேட்கலாம், அதற்கு மேற்பட்ட பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்கலாம், அவ்வளவுதான். அதுவும் கள்ள உறவு நிரூபிக்கப்பட்டவளுக்குக் கிடையாது. ஹெலனுக்கு இந்த அரைச் சட்டம்கூட இல்லை. படம் வரைந்து விற்றுப் பிழைக்கலாம் என்று அவள் போட்ட திட்டத்தைக் கணவன் நாட்குறிப்பில் படித்துவிட்டு, வண்ணம், தூரிகை எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான். அப்படியும் ஒருநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள்.

அப்புறம் அவன் குதிரையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கும்போது திரும்பிப் போகிறாள். உத்தமி என்று எல்லாரும் உருகுவது இங்கேதான். எனக்கு அந்த உருகல் சகிக்கவில்லை. மகனைப் பார்க்க வேண்டும் என்கிறான் அவன். அவள் உடனே கூட்டிவரவில்லை. பிள்ளை முழுக்க என் பொறுப்பில் இருக்க வேண்டும், நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குக் கூட்டிப்போவேன், இதை எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறாள். வாய்வார்த்தை போதாதாம், எழுத்தில் வேண்டுமாம். சாட்சிக்கு வேலைக்காரி ரேச்சல். கையெழுத்து விழுந்த பிறகுதான் பிள்ளை அறைக்குள் வருகிறான். நோயாளிக்குப் பணிவிடை செய்ய வந்தவள், தாய் என்ற இடத்தில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் நின்றிருக்குமா என்பது வேறு கதை. ஆனால் பாசத்தைக் கண்ணீரில் காட்டாமல் நிபந்தனையில் காட்டத் துணிந்தாரே ஆன், அதுவும் இருபத்தெட்டு வயதில்!

அவர் இறந்த பிறகு இந்த நாவலின் மறுபதிப்பை வேண்டாம் என்றது யார் தெரியுமா? 'ஜேன் ஐர்' எழுதிய அக்கா சார்லெட்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நீங்கள் மனம் வருந்திக் கேட்டீர்கள் என்பது புரிகிறது. அந்தக் கையெழுத்து வரும் 47ஆம் அத்தியாயத்தை மறுபடி, நிதானமாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.