42 வயசுல பல்லுக்கு கிளிப் போடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயசு. சின்ன வயசுல கீழ் முன்பல் ஓரளவு நேரா தான் இருந்துச்சு, இப்ப கொஞ்ச வருஷமா ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, மேல் முன்பல்லும் வெளிய தள்ளி நடுவுல சந்து விழுந்திருக்கு. கிளிப் போடலாம்னு ஆசை, ஆனா வீட்ல "இந்த வயசுல போட்டா பல்லு ஆடிடும்"னு பயமுறுத்துறாங்க. (வாசகி)

பதில்: வீட்ல சொல்றதுல பாதி தப்பு, பாதி சரி. தப்பு எதுன்னா வயசு. பல்லு தாடை எலும்புல சிமென்ட் வச்சு பூசுன மாதிரி உட்கார்ந்திருக்கல, வேருக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு நார்ப்படலம் இருக்கு. வயர் ஒரு பக்கமா மெதுவா அழுத்திக்கிட்டே இருந்தா அழுத்தம் விழுற பக்கம் எலும்பு கரையும், இழுபடுற பக்கம் புது எலும்பு வளரும், பல்லு அப்படியே நகரும். 12 வயசுலயும் இதே தான், 60 வயசுலயும் இதே தான். வேகம் மாசத்துக்கு சுமாரா 1 மில்லிமீட்டர், பெரியவங்களுக்கு ஆரம்பத்துல கொஞ்சம் மந்தமா இருக்கலாம். "சீக்கிரம் முடிக்கணும், டைட்டா போடுங்க"ன்னு சிலர் கேட்பாங்க, அதிகமா அழுத்துனா அந்த இடத்துல ரத்த ஓட்டம் தடைபட்டு பல்லு இன்னும் லேட்டா தான் நகரும். கிளிப் இருக்கிற வரைக்கும் பல்லு லேசா ஆடுறது சகஜம், முடிஞ்சதும் இறுகிடும்.

சரி எதுன்னா ஈறு. கீழ்ப்பல் நெருக்கம் வயசாக ஆக நிறைய பேருக்கு வர்றது தான், அத விடுங்க. மேல் முன்பல் புதுசா வெளிய தள்ளி சந்து விழுறது தான் எனக்கு உறுத்துது. ஈறு நோய் வந்து எலும்பு குறைஞ்சா இப்படி ஆகலாம், வலியே இருக்காது. அதனால முதல்ல ஈற பார்க்க சொல்லுங்க. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிசான ஒரு கம்பிய பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விட்டு அளப்பாங்க, 3 வரைக்கும் பரவாயில்ல, 4, 5ன்னு போய் ரத்தமும் கசிஞ்சா முதல்ல ஈறுக்கு வைத்தியம், அப்புறம் தான் கிளிப். நோய் இருக்கிற ஈறுல பல்ல நகர்த்துனா இருக்கிற எலும்பும் போகும், வீட்ல சொல்ற பயம் அப்ப தான் நிஜமாகும். சுகர் இருந்தா, சிகரெட் பழக்கம் இருந்தா, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தா மறைக்காம சொல்லிடுங்க. பல் இம்ப்ளான்ட் (போன பல்லுக்குப் பதிலா எலும்புல பொருத்துற செயற்கை வேர்) போடுற ஐடியா இருந்தா அதையும் இப்பவே சொல்லுங்க, அது எலும்போட நேரா ஒட்டிடும், எந்த வயராலயும் நகர்த்த முடியாது. இன்னொண்ணு, பெரியவங்களுக்கு பல்லு நேரானதும் ஈறு பக்கத்துல சின்னதா கருப்பு முக்கோணமா இடைவெளி தெரியலாம். முன்னாடியே தெரிஞ்சா மனசு கஷ்டப்படாது.

கேள்வி: என் பையனுக்கு 8 வயசு. மேல் முன்பல் ரெண்டும் விரிஞ்சு நடுவுல சந்தா இருக்கு. உடனே கிளிப் போடணுமா?

பதில்: அது மட்டும் தான்னா பெரும்பாலும் வேண்டாம். மேல இருக்கிற கோரைப்பல் 11, 12 வயசுல இறங்கும்போது பக்கத்துப் பல்ல நெருக்கி நிறைய குழந்தைங்களுக்கு அந்த சந்து தானா மூடிடும். அதுக்காக டாக்டர்கிட்ட காட்டவே வேண்டாம்னு இல்ல, 7 வயசு வாக்குல ஒரு தடவை காட்டிடுங்கன்னு தான் அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் வரிசைய சீராக்குற டாக்டர்கள்) சங்கமே சொல்லுது. பையன வாய மூட சொல்லி பாருங்க, தாடை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு போய் மூடுதா, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ள போகுதா, வாயத் திறந்துட்டே தூங்குறானா, இன்னும் விரல் சப்புறானா? இதுல ஏதாவது இருந்தா காத்திருக்காதீங்க, ஏன்னா குறுகலான மேல் தாடைய விரிக்கிறது எல்லாம் வளர்ற வயசுல தான் சுலபம். வளர்ச்சி நின்னப்புறம் பல்ல தான் நகர்த்தலாம், தாடையே முன்ன பின்ன இருந்தா சிலருக்கு ஆபரேஷன் வரைக்கும் போகும்.

கேள்வி: அலைனர் (கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் உறை) நல்லதா, கம்பி கிளிப் நல்லதா?

பதில்: ஒரு நாளைக்கு 20ல இருந்து 22 மணி நேரம் போட்டுட்டே இருப்பீங்களா? ஆமான்னா பல கேஸுக்கு அலைனர் போதும். கழட்டி டிஷ்யூல சுத்தி வச்சு மறந்துட்டு அப்படியே குப்பையில போடுற ஆளா இருந்தா (இது எல்லா கிளினிக்லயும் நடக்குற கதை) கம்பி தான் உங்களுக்கு சரி. பல்லு ரொம்ப திரும்பியிருந்தா, பல் எடுத்த இடத்த மூடணும்னா, பொதுவா கம்பி தான் கைகொடுக்கும்.

கேள்வி: 15 வயசுல கிளிப் போட்டேன், இப்ப 27, பல்லு பழையபடி கோணலாகுது. பழைய ரிட்டெய்னர் (கிளிப் கழட்டுனப்புறம் பல்லு நகராம இருக்க மாட்டுறது) வீட்ல இருக்கு, மாட்டலாமா?

பதில்: மாட்டிப் பாருங்க, லேசா டைட்டா இருந்தாலும் முழுசா உட்கார்ந்தா ராத்திரி ராத்திரி போடுங்க. பாதியில நின்னுட்டா கடிச்சு அமுக்கி ஏத்தாதீங்க, புது அளவு எடுத்து தான் செய்யணும். கிளிப் கழட்டுனதும் வைத்தியம் முடிஞ்சதுன்னு யாராவது சொல்லியிருந்தா அது தப்பு, பல்லு நேரா இருக்கணும்னு நினைக்கிற வரைக்கும் ராத்திரி ரிட்டெய்னர் வேணும். சுத்தம் பண்ண சுடுதண்ணில மட்டும் போடாதீங்க, வளைஞ்சிடும்.