பேக்கரியிலிருந்து எடுத்துச் சென்ற கேமராப் பெட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சோமனூர்ப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு அம்மா கொல்லப்பட்ட வழக்கில், எங்கள் பட்டறையில் தறி ஓட்டிய ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிருக்கிறது. கொலை நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் அவர் முக்கில் இருக்கும் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தார் என்று அவருடன் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மறுநாள் காலையில் போலீசார் அந்த பேக்கரிக்கு வந்து கேமராக் காட்சிகள் பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஆனால் குற்றப்பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்டபோது, ‘பார்த்தோம், வழக்குக்கு உதவும்படி அதில் ஒன்றும் இல்லை’ என்று விசாரணை அதிகாரி சொல்லிவிட்டார். அந்த மனிதர் குற்றவாளியா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இறந்துபோன அம்மாவும் எங்கள் சொந்தம்தான். அந்த வீட்டாரிடம் இதை என்னால் பேச முடியவில்லை. போலீஸ் எடுத்த ஒன்றை நீதிமன்றத்துக்குக் காட்டாமல் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?

(பெயர் வெளியிடப்படவில்லை)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் காவல் நிலையத்தையும் நீக்கிவிட்டே கடிதத்தை வெளியிடுகிறேன். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும் நிலையில் இருப்பதால், அந்தத் தொழிலாளி கொலை செய்தாரா இல்லையா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்டிருப்பதும் அதுவல்ல. உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அது நம்மில் பலருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

விசாரணை அதிகாரி சொன்ன அந்தப் பதிலைப் படித்தவுடன் வாரணாசி வழக்குதான் என் நினைவுக்கு வந்தது. 2010 பிப்ரவரியில் அங்கே ஒரு விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்த மூன்று இத்தாலியர்களில் ஒருவர் இறந்துபோனார். கழுத்தை நெரித்துக் கொன்றதாக, உடன் தங்கியிருந்த தொமாசோ புரூனோ என்பவருக்கும் ஒரு பெண்ணுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உடம்புக்கு முடியாத நண்பரை அறையில் விட்டுவிட்டு அதிகாலையில் வெளியே போயிருந்தோம் என்பது அவர்கள் தரப்பு. விடுதியில் கேமரா இருந்தது. அவர்கள் எப்போது படியிறங்கிப் போனார்கள், எப்போது திரும்பினார்கள், இடையில் வேறு யாராவது வந்தார்களா என்பதையெல்லாம் காட்டக்கூடிய அந்தப் பதிவைப் பார்த்ததாக போலீஸ் தரப்பு சொன்னதே தவிர, நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவில்லை. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. மருத்துவச் சான்றில் இருந்த ஐயங்களும் அதற்குக் காரணம் என்றாலும், கேமராப் பதிவைக் காட்டாததை விசாரணையில் நேர்ந்த சின்னக் கவனக்குறைவாக ஒதுக்கிவிட முடியாது, இருப்பதிலேயே சிறந்த சான்றை மறைத்ததாகவே அதைக் கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் கூறினார்கள். கையில் உள்ள சான்றை ஒரு தரப்பு காட்டாமல் வைத்துக்கொண்டால், காட்டியிருந்தால் அது அந்தத் தரப்புக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 119ஆம் பிரிவாக இருக்கிறது. உங்கள் ஊர் வழக்கை நடத்தப்போகும் வக்கீல் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு இது.

இனி, சட்டத்தில் இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். மறைக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் மறைப்பதற்கு வசதியான ஓர் இடைவெளி நெடுங்காலமாக இருந்து வருகிறது. வழக்கு விசாரணை தொடங்கும் முன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இலவசமாக நகல்கள் தர வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207ஆம் பிரிவு. இப்போது அது 230. எவற்றின் நகல்கள் என்று பார்த்தால், அரசுத் தரப்பு சார்ந்து நிற்கும் ஆவணங்களும், அரசுத் தரப்பு யாரைச் சாட்சியாக விசாரிக்க உத்தேசித்திருக்கிறதோ அவர்களுடைய வாக்குமூலங்களும்தான். உங்கள் பேக்கரியின் டீ மாஸ்டரை மறுநாளே விசாரித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆமாங்க, அந்த ஆள் பதினொன்றரை வரைக்கும் இங்கேதான் நின்னுட்டிருந்தாரு’ என்று அவர் சொல்லி, அதை எழுதியும் வைத்திருக்கலாம். சாட்சிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டால், அந்த வாக்குமூலம் எதிரியின் கைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பிரிவில் இல்லை. விசாரணை அதிகாரி நாள்தோறும் எழுதும் வழக்கு நாட்குறிப்பிலும் இதே நிலைதான்: நீதிபதி வரவழைத்துப் பார்க்கலாம், எதிரி கேட்டு வாங்க முடியாது. ஆகவே ஒரு சான்றை இல்லாமல் செய்ய யாரும் எதையும் எரிக்க வேண்டியதில்லை. பட்டியலில் எழுதாமல் விட்டாலே போதும்.

நம் பக்கத்துக் கொலை வழக்குத் தீர்ப்புகளை வாசித்தவர்களுக்கு ஒரு வரிசை பழகிப்போயிருக்கும்: இறந்தவரையும் எதிரியையும் கடைசியாகச் சேர்த்துப் பார்த்ததாக ஒரு சாட்சி, வி.ஏ.ஓ. முன் தானாகவே வந்து கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலம். பிறகு எதிரி அடையாளம் காட்டிய இடத்தில் நகையைக் கைப்பற்றியதாகச் சாட்சிகளின் கையெழுத்தோடு எழுதிய மகஜர். போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பதால்தான் வி.ஏ.ஓ. இவ்வளவு வழக்குகளில் வருகிறார். இவை எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றும் மனிதர்களின் வாய்ச்சொல்லையும் கையெழுத்தையும் நம்பி நிற்பவை. உங்கள் ஊர் வழக்கில் யாருடைய பக்கமும் சாராமல் இருந்த ஒரே சாட்சி பேக்கரிக் கேமராதான். கேமராவின் வலு நமக்குத் தெரியாததும் அல்ல. 2015இல் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில், முக்கியமான சாட்சியே பிறழ் சாட்சியாக மாறிய பிறகும், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் கேமராப் பதிவு குற்றத்தை நிலைநாட்டத் துணை நின்றது. 2022இல் தண்டனை வந்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசுத் தரப்புக்கு உதவும்போது கேமரா சாட்சி என்றால், எதிரிக்கு உதவக்கூடும் என்னும்போதும் அது சாட்சிதான்.

இந்த இடைவெளியை அடைக்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் காட்டியது. எல்லா உயர் நீதிமன்றங்களும் பின்பற்றுவதற்கென அது வகுத்த மாதிரி விதிகளின்படி, விசாரணை அதிகாரி சார்ந்து நிற்காத வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்களின் பட்டியலும் எதிரிக்குத் தரப்பட வேண்டும். எல்லாக் குற்ற வழக்குகளிலும் அரசுத் தரப்பு அந்தப் பட்டியலைத் தந்தாக வேண்டும் என்று 2022இல் மத்தியப் பிரதேசத்து மனோஜ் வழக்கில் அது மீண்டும் வற்புறுத்தியது. பட்டியல் கையில் இருந்தால்தான் இன்ன பொருளை வரவழையுங்கள் என்று மனுப் போட முடியும். இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? கொலை வழக்கில் ஆஜராகும் ஒவ்வொரு வக்கீலும் நகல் வாங்கும் அன்றே இந்தப் பட்டியலை எழுத்தில் கேட்க வேண்டும்.

மறைக்கப்படுவது பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே ஒரு வாக்கியமாகவும் இருக்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளன் வாங்கிக் கொடுத்த இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அவை எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் பதிவு செய்யவில்லை என்று, அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2017இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் ஏற்ற தடா சட்டத்தின் கீழ் அந்த வாக்குமூலம் நேரடிச் சான்றாக ஏற்கப்பட்டு, 1999இல் தூக்குத் தண்டனை உறுதியாகியிருந்தது. 2022இல் அவர் விடுதலையானபோது முக்கியக் காரணமாக நின்றது மாநில அமைச்சரவையின் பரிந்துரை மீது ஆளுநர் முடிவெடுப்பதில் நேர்ந்த காலதாமதம், குற்றத்தீர்ப்பு ரத்தாகவில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தை வைத்து வழக்கை முதலிலிருந்து பார்க்க எந்த நீதிமன்றமும் முன்வரவில்லை என்பது இன்றும் என்னைத் துன்புறுத்துகிறது.

உங்கள் சொந்தக்காரர்களிடம் பேசத் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். 2024 நவம்பரில் பல்லடம் அருகிலும் 2025இல் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, காடு தோட்டத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் எந்த அச்சத்தோடு கதவைத் தாழிடுகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உடனே பிடியுங்கள் என்று ஊர் கேட்பது நியாயம்தான். ஆனால் 1975இல் இங்கிலாந்தில் 11 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் நடந்ததைப் பாருங்கள். ஸ்டீஃபன் கிஷ்கோ என்ற எழுத்தர் 1976இல் தண்டிக்கப்பட்டார். சிறுமியின் உடையில் இருந்த விந்தில் உயிரணுக்கள் இருந்தன. கிஷ்கோவின் உடலோ உயிரணுவை உண்டாக்க முடியாதது. அந்த ஆய்வு முடிவு அவருடைய வக்கீல்களுக்குத் தரப்படவே இல்லை. 16 ஆண்டுகள் சிறையில் இருந்து 1992இல் வெளியே வந்தவர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். உண்மைக் கொலையாளி 2007இல்தான் தண்டிக்கப்பட்டான். அதுவரை அந்தச் சிறுமியின் வீட்டாருக்கும் நீதி கிடைத்திருக்கவில்லை. கேமராவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இறந்த அம்மாவின் பிள்ளைகளுக்கும் உண்டு என்று உங்கள் சொந்தக்காரர்களிடம் நீங்கள் சொல்லலாம். அதில் அவர் டீ குடித்துக்கொண்டு நிற்கலாம், நிற்காமலும் போகலாம். அப்படி நிற்கவில்லை என்றால் தண்டனை இன்னும் உறுதிப்படும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். காசில்லை என்று அந்தக் குடும்பம் ஒதுங்கிவிடக் கூடாது. சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம். மேல்முறையீட்டிலும் புதிய சாட்சியத்தை எடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய சட்டத்தில் 391, புதியதில் 432. அந்தப் பெட்டி எங்கே என்று கேட்கும் மனுவை அந்தப் பிரிவின் கீழ்தான் போட வேண்டும். பெட்டியைக் கழற்றியபோது பேக்கரிக்காரரிடம் ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்று கேளுங்கள். வாங்கியிருந்தால் அது கைப்பற்றுதல் மகஜர், கைப்பற்றிய பொருள்களைப் பட்டியலிட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95இல் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று வக்கீல் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வாங்கவில்லை என்றால், பெட்டி போனதற்கு உங்கள் இருவரின் சொல்தான் சான்று. பார்த்ததை மட்டும், பார்த்த நேரத்தோடு, கூட்டாமல் குறைக்காமல் பிரமாணப் பத்திரமாக எழுதி, மேல்முறையீடு நடத்தும் வக்கீலிடம் கொடுங்கள்.