கிட்டார் நெக், பாடி வடிக்க எந்த மெஷின்? – கேள்வி பதில்

கேள்வி: கைக்காசுக்கு இரண்டு மெஷின்தான் வாங்க முடியும். எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய எவை?

பேண்ட் சா (பட்டை ரம்பம்) ஒன்று, ரவுட்டர் (வேகமாகச் சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் மெஷின்) ஒன்று.

பேண்ட் சா 14 இஞ்ச் கிடைத்தால் நல்லது. 9 அல்லது 10 இஞ்சிலும் வேலை நடக்கும். பாடி 45 மி.மீ. தடிமன், சுமார் 330 மி.மீ. அகலம் இருக்கும். சின்ன மெஷினில் தொண்டை (பிளேடுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி) குறைவு என்பதால் இரு பக்கமிருந்தும் அறுத்து வர வேண்டும். மெஷின் அளவைவிடப் பிளேடு முக்கியம். 2 நூல் அகலப் பிளேடு (6 மி.மீ.) சுமார் 16 மி.மீ. ஆரம் வரை வளையும், பாடியின் கொம்புகளுக்கு (நெக்கின் இருபுறமும் நீளும் முனைகள்) இடையே உள்ள வளைவுக்கு அது போதும். 4 நூல் பிளேடுக்கு 60 மி.மீ.க்கு மேல் ஆரம் வேண்டும். அதைக் கட்டாயப்படுத்தித் திருப்பினால் பிளேடு முறுகி, வெட்டு சாய்ந்துவிடும். பிளேடு தளர்ந்திருந்தால் இன்னொரு கோளாறு வரும்: மேலே கோட்டின் மேல் போகும் வெட்டு, அடியில் தள்ளி நிற்கும். ஆகவே கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுங்கள். மிச்சத்தை ரவுட்டர் எடுத்துக்கொள்ளும்.

ரவுட்டர் வாங்கும்போது கோலெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் வளையம்) அளவைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். நம் கடைகளில் 6, 6.35, 8, 12, 12.7 மி.மீ. எல்லாம் கலந்து கிடக்கின்றன. 12 மி.மீ. தண்டுள்ள பிட்டை 12.7 கோலெட்டில் போட்டு முறுக்கினால் பிடித்ததுபோலவே தெரியும். ஓடும்போது பிட் மெல்ல இறங்கி மரத்தைக் குடைந்துவிடும், ஆளையும் காயப்படுத்தும். பாடி வேலைக்கு 12 அல்லது 12.7 மி.மீ. கோலெட்டும், வேகத்தைக் குறைக்கும் வசதியும் உள்ள ரவுட்டரையே வாங்குங்கள்.

கேள்வி: டெம்ப்ளேட் (அச்சுப் பலகை) வைத்துப் பாடியைச் சுற்றி ரவுட்டர் ஓட்டும்போது கொம்பு முனையில் மரம் பெயர்ந்து வருகிறது. பிட் மொக்கையா?

பிட் மொக்கையாகவும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் ரேகை (மர நார் ஓடும் திசை). வளைவின் ஒரு பாதியில் கத்தி ரேகையோடு இறங்கும், மறுபாதியில் ரேகைக்குள் ஏறும். ஏறும் இடத்தில்தான் நார் பிளந்து பெயர்கிறது.

மேலும் கீழும் பேரிங் (டெம்ப்ளேட்டைத் தொட்டு உருளும் வளையம்) உள்ள பிட் வாங்குங்கள். இறங்கும் பாதியை ஒரு பேரிங்கில் வெட்டி முடித்து, பாடியைக் கவிழ்த்துப் போட்டு, மறுபாதியை இன்னொரு பேரிங்கில் வெட்டலாம். கவிழ்த்ததும் ஏற்றம் இறக்கமாகிவிடும், டெம்ப்ளேட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் பிட்டின் வெட்டு நீளம் பாடியின் முழுத் தடிமனையும் தாண்ட வேண்டும். 25 மி.மீ. பிட்தான் இருக்கிறது என்றால், பாதி ஆழம் வரை டெம்ப்ளேட்டைப் பிடித்து வெட்டுங்கள். பிறகு டெம்ப்ளேட்டை எடுத்துவிட்டு, வெட்டிய சுவரிலேயே பேரிங்கை ஓடவிட்டு மீதியை எடுங்கள்.

பள்ளம் குடையும்போது ஒரு தடவைக்கு 4 மி.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். கையால் ஓட்டும்போது மேலிருந்து பார்த்தால் வெளிச்சுற்றில் இடஞ்சுழியாகவும், பள்ளத்துக்குள் வலஞ்சுழியாகவும் போக வேண்டும். 19 மி.மீ. விட்டமுள்ள பிட் 12 மி.மீ. பிட்டைவிடச் சுத்தமாக வெட்டும். அதற்கு நிமிடத்துக்கு 16,000 சுற்று போதும். தேக்கில் சிலிக்கா உண்டு, கார்பைடு முனை இல்லாத பிட் ஒரே பாடியில் மழுங்கும்.

நெக் பாக்கெட்டுக்கு (பாடியில் நெக் உட்காரும் பள்ளம்; ஃபெண்டர் வகைக்கு ஆழம் 16 மி.மீ.) வெட்டு நீளம் 10–12 மி.மீ. மட்டுமே உள்ள குட்டைப் பிட் தனியாக வேண்டும். நீளப் பிட் போட்டால் முதல் தடவையில் பேரிங் டெம்ப்ளேட்டைத் தொடாமல் மேலே காற்றில் நிற்கும், பாக்கெட் சுவர் போய்விடும். கழிவு மரத்தில் ஒருமுறை வெட்டி, நெக்கைச் செருகிப் பார்த்த பிறகே பாடியைத் தொடுங்கள்.

கேள்வி: நெக்கின் பின்பக்க உருளையை ரவுட்டர் டேபிளில், பெரிய ரவுண்ட்-ஓவர் பிட்டில் (விளிம்பை உருட்டும் பிட்) எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நெக் ஒரே தடிமனில் இருப்பதில்லை. முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) 21 மி.மீ. என்றால் 12-வது ஃபிரெட்டில் 23 மி.மீ. இருக்கும், அகலமும் தலைமுனையில் 42-லிருந்து அடிமுனையில் 56 மி.மீ.க்கு விரியும். பிட்டின் ஆரமோ மாறாது. ஒரு முனையில் பொருந்தினால் மறுமுனையில் தட்டையாகவோ கூராகவோ நிற்கும். தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் திரும்பும் வளைவு எப்படியும் கைவேலைதான்.

மெஷினுக்கு உண்டான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. கட்டை சதுரமாக இருக்கும்போதே ட்ரஸ் ராட் (நெக் வளையாமல் உள்ளே தாங்கும் உலோகக் கம்பி) பள்ளத்தை வெட்டிவிடுங்கள். ரவுட்டரின் பக்க கைடு நேரான விளிம்பைப் பிடித்து ஓட வேண்டுமே. பக்கங்களை முதலில் சரித்துவிட்டுப் பள்ளம் வெட்டினால் அது நடுக்கோட்டை விட்டு விலகும். ராடைக் கையில் வைத்து அளந்த பிறகே பிட் வாங்குங்கள், 6 மி.மீ.க்கும் 6.35-க்கும் உள்ள வித்தியாசம் ராட் கடகடப்பதில் தெரியும். ஆழத்தை மூன்று தடவையாக எடுக்கலாம்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். பள்ளம் 9.5 மி.மீ., ஃபிங்கர்போர்டு (நெக்கின் மேல் ஒட்டும், விரல் பதியும் பலகை) 6 மி.மீ., மொத்தம் 15.5. நெக் 21 மி.மீ. என்றால் ராடுக்குக் கீழே 5.5 மி.மீ. மரம் மிஞ்சும். மெல்லிய நெக் வேண்டும் என்று 18-க்கு இறக்கினால் மிஞ்சுவது 2.5 மி.மீ. தான். ராடை இறுக்கும்போது அந்த இடம் பிளக்கக்கூடும்.

அடுத்து, கட்டையைப் பக்கவாட்டில் கிடத்திப் பேண்ட் சாவில் பின்பக்கத் தடிமனை 2 மி.மீ. கூடுதலாக விட்டு அறுங்கள். பக்கங்களை டெம்ப்ளேட் வைத்து ரவுட்டரில் எடுங்கள். பிறகு முதல் ஃபிரெட்டிலும் 12-வது ஃபிரெட்டிலும் மட்டும் அரை வட்ட அரத்தால் அட்டை அச்சுக்குப் பொருந்தும் வரை வடியுங்கள். இரண்டு இடத்தையும் இழைப்புளியால் நேர்கோட்டில் இணைத்தால் நெக் உருவாகிவிடும். கடைசியில் உப்புத்தாள் 120, 180, 240.

கேள்வி: பக்கத்துப் பட்டறையில் கதவு, ஜன்னல் செய்யும் ஸ்பிண்டில் மோல்டர் இருக்கிறது. பாடி விளிம்பை அதில் எடுக்கலாமா?

ஒன்றிரண்டு கிட்டாருக்கு வேண்டாம். பெரிய கத்தி வளைந்த சிறு மரத்தைப் பற்றினால் கையோடு இழுக்கும். நல்ல ஜிக் (மரத்தைப் பிடிக்கும் சட்டம்), இரு கைப்பிடிகள், ரிங் கார்டு (கத்தியைச் சுற்றிய காப்பு வளையம்) எல்லாம் வைத்து ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கு உரியது அது.

கேள்வி: சி.என்.சி. (கணினி இயக்கும் ரவுட்டர்) வாங்க நினைக்கிறேன். எந்த அளவு?

600 × 900 மி.மீ. மேசை இருந்தால் பாடியும் நெக்கும் இரண்டும் அடங்கும். 300 × 180 மேசையில் நெக் படுக்காது. ஸ்பிண்டில் 1.5 கிலோவாட் போதும், அதைத் தாங்கும் சட்டம் அசையாமல் இருப்பதுதான் முக்கியம்.

நெக்கை இரு பக்கமும் வெட்ட வேண்டும் என்பதால், கழிவாகப் போகும் பகுதியில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டு, மேசையிலும் அதே இடத்தில் டோவல் பின் நிறுத்துங்கள். கவிழ்த்தாலும் நடுக்கோடு மாறாது. 6 மி.மீ. பால் நோஸ் (உருண்டை முனை) பிட்டை 1 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் வெட்டுகளுக்கு இடையே மிஞ்சும் மேட்டின் உயரம் 0.04 மி.மீ. தான், உப்புத்தாளில் போய்விடும். 0.3 மி.மீ. இடைவெளி வைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

முதல் ஓட்டத்தில் 1 மி.மீ. கூடுதலாக விட்டு நிறுத்தி, நெக்கைச் சில நாள் அப்படியே வையுங்கள். மரம் தனக்குள் இருந்த இழுவிசை விடுபட்டு வளையும். பிறகு முகத்தைச் சமன் செய்து கடைசி ஓட்டம். அவசரப்பட்டு ஒரே நாளில் முடித்த நெக், ஃபிரெட் போட்ட பிறகு முறுகக்கூடும். அதைத் திருத்துவது கடினம்.

கேள்வி: திக்னெஸ் பிளானர் (பலகையை ஒரே தடிமனுக்கு இழைக்கும் மெஷின்) அவசியமா?

வசதிதான், அவசியமில்லை. 13 இஞ்ச் மெஷினில் ஒட்டிய பாடிக் கட்டை நுழையாது. இரு பாதிகளையும் தனித்தனியே இழைத்த பிறகு ஒட்டுங்கள். 300 மி.மீ.க்குக் குறைவான துண்டுகளை அதில் விடாதீர்கள். 6 மி.மீ. ஃபிங்கர்போர்டை ஒரு பலகையில் இருபக்க டேப்பால் ஒட்டித்தான் விட வேண்டும். மெஷின் இல்லாதவர்கள் இரு பக்கமும் தண்டவாளம்போல நேரான ரீப்பர் வைத்து, அதன்மேல் ரவுட்டரை ஓட்டிச் சமன் செய்யலாம்.

கேள்வி: ஈட்டி மரத்தை மெஷினில் தேய்த்தால் கையில் தடிப்பு வருகிறது.

ஈட்டித் தூள் பலருக்கு ஒவ்வாமை தரும், வேலை செய்யச் செய்ய அது கூடும். N95 முகமூடி, முழுக்கை சட்டை, மெஷின் வாயிலேயே தூளை உறிஞ்சும் வேக்யூம், வேலை முடிந்ததும் குளியல். இவ்வளவும் செய்தும் தடிப்பு வந்தால் ஃபிங்கர்போர்டுக்கு வேறு மரம் எடுங்கள்.