பாஸ்போர்ட் உறைக்குள் இருபது டாலர்

கேள்வி: கருவூலத் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மூன்று மாதங்களாக நானும் என் மனைவியும் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு அருகே மகன் வீட்டில் தங்கியிருக்கிறோம். பேரனின் பிறந்த நாளன்று அவர்கள் வழக்கமாகச் செல்லும் உணவகத்துக்குப் போனோம். பில் 180 டாலர். மகன் அதைக் கார்டில் செலுத்திவிட்டு, டிப்ஸ் என்று 36 டாலரை ரொக்கமாக மேசையில் வைத்தான். எல்லோரும் வாசலுக்குப் போன பிறகு, அதிலிருந்த 20 டாலர் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 16 டாலரை எங்களுக்குப் பரிமாறிய பெண்ணுக்கு விட்டுவிட்டு வந்தேன். அதுவே அதிகம் என்பது என் எண்ணம். ஜப்பானுக்குச் சுற்றுலா போயிருந்தபோது, நான் விட்டுவந்த சில்லறையைப் பரிமாறிய பெண் தெருமுனை வரை ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார். நம் நாட்டிலும் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் மகன் மேசையில் பணம் வைப்பதில்லை. கார்டு ரசீதிலேயே ஏதோ எழுதிக் கையெழுத்திட்டு, பில் வைத்துத் தரும் மடிப்பு அட்டையை மூடிவிடுகிறான். என் கண்ணில் படாதவரை எனக்கும் நிம்மதி. அந்த 20 டாலரை நான் செலவழிக்கவில்லை. பாஸ்போர்ட் உறையில்தான் இருக்கிறது. 20 சதவீதம் டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறதா? இல்லையென்றால், இந்த ஊதாரித்தனத்தை மகனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்:

ஐயா, அப்படி ஒரு சட்டம் இல்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கு வரும் முன், உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில் நிற்க விரும்புகிறேன். மகன் இப்போது மேசையில் பணம் வைப்பதில்லை என்றும், ரசீதில் எழுதி அட்டையை மூடிவிடுகிறான் என்றும், அது உங்களுக்கு நிம்மதி என்றும் சொல்கிறீர்கள். உங்கள் மகனுக்குத் தெரியும், ஐயா. நீங்கள் எடுத்ததை மருமகள் வாசலில் திரும்பிப் பார்த்திருக்கலாம். அடுத்த முறை போனபோது, அன்று பரிமாறியதில் ஏதும் குறை இருந்ததா என்று அந்தப் பெண்ணே அவரிடம் கேட்டிருக்கலாம். எந்த வழியில் தெரிந்திருந்தாலும் அவர் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 180 டாலரைக் கார்டில் செலுத்திவிட்டு டிப்ஸை மட்டும் ரொக்கமாக வைக்கும் ஒருவர், பெரும்பாலும் அதை யோசித்தே செய்கிறார்: வேலை செய்தவர் அன்றிரவே கையில் காசோடு வீடு போகட்டும் என்பதற்காக. அந்த நல்ல வழக்கத்தை உங்கள் மகன் உங்களால் கைவிட்டிருக்கிறார். பெற்ற தகப்பனின் கை எட்டாத இடத்தில் பணத்தை எழுதி மூட வேண்டிய நிலைக்கு வந்தும், பேரன் முன்னிலையிலோ மருமகள் முன்னிலையிலோ உங்களைத் தலைகுனிய வைக்கவில்லை. அவர் காட்டிய மரியாதை அது. அதைத்தான் நீங்கள் நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்வரும் பெற்றோரிடமிருந்து இத்தகைய கடிதங்கள் பல ஆண்டுகளாக எனக்கு வருகின்றன. மகள் மறந்து வைத்துவிட்டுப் போன சில்லறை என்று நினைத்து எடுத்துவந்து, காரில் ஏறியதும் பெருமையோடு அவள் கையில் கொடுத்த ஒரு அம்மா எழுதியிருந்தார். அவருக்கு விவரம் தெரியாது; மகளும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாளாம். உங்கள் விஷயம் வேறு. அது யாருக்காக வைக்கப்பட்டது என்று தெரிந்தே, எல்லோரும் வாசலுக்குப் போகும்வரை காத்திருந்தீர்கள். செய்வது சரி என்று உங்கள் மனம் சொல்லியிருந்தால், மகன் எதிரிலேயே எடுத்திருப்பீர்கள். எடுத்த நோட்டைச் செலவழிக்க முடியாமல் பாஸ்போர்ட் உறையில் வைத்திருக்கவும் மாட்டீர்கள்.

நீங்கள் கணக்கறிந்தவர் என்பதால் கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், அது 2009-ல் நடைமுறைக்கு வந்தது. டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு மட்டும், முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்று அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. இந்த 2.13 டாலர் 1991-ல் வந்த தொகை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு காசு உயரவில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரிகன் போன்ற சில மாநிலங்கள் இந்தச் சலுகையை முதலாளிகளுக்குக் கொடுக்க மறுத்து, பரிமாறுபவருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்கச் சொல்கின்றன. நீங்கள் தங்கியிருக்கும் டெக்சஸில் 2.13 தான். வாரம் 40 மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தால் முதலாளி கொடுக்க வேண்டியது 85 டாலர் 20 சென்ட். வரிப் பிடித்தம் அதிலிருந்துதான். டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த ஈட்டை முதலாளியிடம் வாதாடிப் பெற வேண்டியவர், அடுத்த வாரம் எந்த நாளில் எந்த மேசை தனக்கு வரும் என்பதற்கு அதே முதலாளியின் முகத்தைப் பார்த்து நிற்பவர்.

உங்கள் சம்பளச் சீட்டை நினைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, அகவிலைப்படி ஒரு வரி, வீட்டு வாடகைப்படி ஒரு வரி என்று வரும். அடிப்படைச் சம்பளமே அதிகம் என்று முடிவு செய்து, வழியில் யாரோ ஒருவர் உங்கள் அகவிலைப்படியில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தால், உங்கள் சங்கம் மறுநாள் காலை கருவூலத்தின் வாசலில் நின்றிருக்கும். அந்த மேசையில் இருந்த 36 டாலர் அப்படிப்பட்ட படிதான். கூலியின் பெரும்பகுதியை வாடிக்கையாளர் நேரில் கொடுப்பார் என்ற கணக்கில்தான், நீங்கள் சாப்பிட்ட உணவுக்கு 180 டாலர் என்று விலை போட்டிருக்கிறார்கள்.

அதுவும் முழுதாக அந்தப் பெண்ணுக்கே போவதில்லை. மேசை துடைக்கும் பையன், பானம் கலந்து கொடுப்பவர், வாசலில் நின்று இடம் காட்டுபவர் என்று பலருக்கு அவர் அன்றிரவே பங்கு கொடுக்க வேண்டும். பல உணவகங்களில் அந்தப் பங்கை அவருக்குக் கிடைத்த டிப்ஸை வைத்துக் கணக்கிடுவதில்லை. அவர் பரிமாறிய பில் தொகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அத்தகைய இடத்தில் உங்கள் மேசைக்கு வந்தது 36 ஆனாலும் 16 ஆனாலும், 180-க்கு உரிய பங்கை அவர் எடுத்து வைத்தே ஆக வேண்டும். நீங்கள் எடுத்த 20 டாலர் முழுவதும் அவர் வீட்டுக்குப் போக வேண்டிய பணம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. உட்கார வைத்துப் பரிமாறும் உணவகங்களில் 15 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பது அங்கே வழக்கம். 180-க்கு 16 என்றால் ஒன்பது சதவீதம்கூட இல்லை. அந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு: உன் வேலை எங்களுக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாக வரும் குடும்பம், குழந்தையின் பிறந்த நாளைக் கொண்டாட வந்த குடும்பம், அப்படிச் சொல்லிவிட்டுப் போனதாகத்தான் அவர் எண்ணியிருப்பார். மேசையில் இருந்தது உங்கள் மகனின் பெயர். அவர் சொல்லாத சொல்லை நீங்கள் அவர் பெயரில் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

ஜப்பானைக் காட்டுகிறீர்கள். அங்கே அந்தப் பெண் ஓடிவந்தது உண்மையாகத்தான் இருக்கும். விட்டுப்போன பொருளைத் திருப்பிக் கொடுப்பதாகவே அவர் நினைத்திருப்பார். கூலி முழுவதும் உணவின் விலையிலேயே அடங்கிய நாடு அது. அங்கேயும், ‘இசகாயா’ எனப்படும் மதுக்கடைகளில் நீங்கள் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைத்து, அதற்குச் சில நூறு யென் பில்லில் சேர்ப்பார்கள். உட்கார்ந்ததற்கான கட்டணம் போல அது. மரபான ‘ரியோக்கான்’ விடுதிகளில், கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காகித உறையிலிட்டுப் பணம் கொடுக்கும் பழைய வழக்கமும் இருக்கிறது. பிரான்சில் விலைப்பட்டியலில் போட்டிருக்கும் விலையிலேயே சேவைக்கான தொகை அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. மேலே சில நாணயங்களை வைப்பவர்கள் மனமகிழ்ந்து வைக்கிறார்கள். சிங்கப்பூர் உணவகங்கள் பலவற்றில் பத்து சதவீதம் பில்லிலேயே வந்துவிடும். இங்கிலாந்தில் ‘பப்’ எனப்படும் மதுக்கூடத்தின் கவுன்டரில் நின்று வாங்கும் பானத்துக்கு யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. அமெரிக்க பாரில் அதே பானத்துக்கு ஒரு டாலராவது வைத்துவிட்டு எழுவார்கள். அந்த இங்கிலாந்திலும் டிப்ஸ் முதலாளியின் கல்லாவுக்குப் போவதாக நெடுநாள் புகார் இருந்து, முழுத் தொகையும் தொழிலாளருக்கே சேர வேண்டும் என்று 2023-ல் சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தினார்கள். உண்ட வீட்டின் கணக்கை ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மட்டும் ஜப்பானியராக இருப்பது நியாயமில்லை.

நீதிமன்றத்தையும் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. உணவகம் தானாகவே பில்லில் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது என்பதே அதன் சாரம். விரும்பிக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. ஒருவர் விரும்பிக் கொடுத்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

அமெரிக்க முறை அநியாயமானது என்று நீங்கள் சொன்னால் முழுதாக ஒப்புக்கொள்வேன். அதன் வரலாறே கசப்பானது. அந்நாட்டு உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்த பிறகு, அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களைப் புல்மன் நிறுவனம் தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணியாளர்களாக வைத்துக்கொண்டு, சொற்பச் சம்பளத்தைக் கொடுத்து, மீதியைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அந்தப் பணியாளர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-ல்தான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட முடிந்தது. டிப்ஸ் வழக்கமே மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது என்று வாஷிங்டன் மாநிலம் 1909-ல் அதைச் சட்டத்தால் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் அவ்வாறே செய்தன; ஆனால் 1926-க்குள் அந்தத் தடைச் சட்டங்கள் எல்லாம் நீக்கப்பட்டன. மாற வேண்டிய முறைதான். முதலாளியும் சட்டமன்றமும் செய்த அநியாயத்துக்கு, தட்டுகளைக் கையில் அடுக்கிச் சுமந்து நடக்கும் பெண்ணிடமிருந்து 20 டாலரைப் பிடித்தம் செய்வது எந்த ஊர் நீதி?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மகன் வீட்டில் அப்பாவுக்கு உரிமை உண்டு என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அவரது உடல்நலத்தைக் கேட்கலாம், கடனைக் கேட்கலாம், சேமிப்பு எவ்வளவு என்றும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அவர் சம்பாதித்து, அவர் விருந்து வைத்து, தன் கடமை என்று கொடுத்த கூலியைத் திருத்தும் உரிமை பெற்றவர்களுக்கும் கிடையாது. ஊதாரித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறர் உழைப்புக்குக் குறைவின்றிக் கொடுக்கும் பிள்ளையை நீங்களும் உங்கள் மனைவியும்தானே வளர்த்தீர்கள்? அவரிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்கு ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்ளத்தான் இருக்கிறது.

இன்றிரவு, பேரன் தூங்கிய பிறகு, மகனைத் தனியே உட்கார வைத்து, அன்று நான்தான் எடுத்தேன் என்று சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம். ஜப்பானைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தப் பெண் எந்த நாளில் வேலைக்கு வருவார் என்று அவரிடமே கேட்டு, அன்று இருவருமாகப் போங்கள். பாஸ்போர்ட் உறையிலிருக்கும் அதே நோட்டை எடுத்து, அன்று தவறுதலாகக் குறைந்துவிட்டது என்று மகன் ஆங்கிலத்தில் சொல்ல, நீங்கள் உங்கள் கையால் கொடுங்கள். சாப்பிட உட்கார்ந்தீர்களானால், அன்றைய டிப்ஸ் தனி. இந்த இருபதை அதில் கழிக்கக் கூடாது.